கோர்வை விழலேன்னா கிருமி காலி!



"டிப்ளமோ படிக்கிறவனுக்குக் கிருமி ஆராய்ச்சி எதுக்குப்பா?" என்று நீங்க கேட்பது காதில் விழுகிறது. எங்க பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காருகிறவர்களுக்கு ஒருநாள் காய்ச்சல் என்றால் ஒருநாள் கூலி போச்சு. அதனால் மருந்துக் கடையில் தாங்களாகவே ரெண்டு அமாக்சிசிலின் வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாளே குழியில் இறங்கிவிடுவார்கள். அந்த மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது?

பாக்டீரியாவுக்குள்ளே அழுத்தம் அதிகம். சைக்கிள் டியூப் வெடிக்காமல் டயர் காப்பது போல, அதைச் செல்சுவர் காக்கிறது. அந்தச் சுவரும் ஒரு நெசவுதான்! சர்க்கரைச் சங்கிலிகள் இழைகளாக ஓடுகின்றன. நம்ம சேலையில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்கிற மாதிரி, பக்கத்துச் சங்கிலிகளைச் சின்னச் சின்னப் பெப்டைடுகள் இணைக்கின்றன. இந்தக் கோர்வையைப் போடுகிற நெசவாளிகள் சில புரதங்கள். 1928-ல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலினும், அதே குடும்பத்து அமாக்சிசிலினும் இந்தப் புரதங்களின் கையைக் கட்டிப்போடுகின்றன. கோர்வை விழாது, சுவர் பலவீனமாகும், கிருமி வெடித்துச் சாகும். நம் செல்களுக்குச் சுவரே கிடையாது. அதனால் நாம் தப்பித்தோம்!

சரி, எல்லா இழையும் பிணைந்தே இருந்தால் கிருமி வளர்வது எப்படி? பழைய பிணைப்பை வெட்டினால்தானே புது இழை நுழையும்? ஈ.கோலை கிருமியில் அப்படி வெட்டுகிற மூன்று 'கத்தரிக்கோல்' புரதங்களை 2012-ல் அடையாளம் காட்டியது, ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் மஞ்சுளா ரெட்டி குழு. மூன்றும் இல்லையென்றால் கிருமி வளர முடியாமல் செத்துப்போகிறது. செல்சுவர் ஆய்வுக்காக 2019-ல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது. கத்தரிக்கோலை மடக்கினாலும் கிருமி சாகும் என்பதால், புது மருந்து தேட இது ஒரு வழி.

புது மருந்து எதுக்கு என்கிறீர்களா? கிருமியும் சும்மா இல்லை. சில கிருமிகள் பெனிசிலினையே வெட்டும் நொதியைச் செய்கின்றன. சில, மருந்து ஒட்டாதபடி நெசவாளிப் புரதத்தையே மாற்றிக்கொள்கின்றன. கண்டபடி மாத்திரை போடப் போட, இந்தக் கில்லாடிகள்தான் பிழைத்துப் பெருகும். சளி, ஃப்ளூவுக்கோ காரணம் வைரஸ். அதற்குச் செல்சுவரே இல்லை. அமாக்சிசிலின் அங்கே எதைக் கிழிக்கும்?

ஆகவே நண்பர்களே, வீட்டில் போய்ச் சொல்லுங்க: டாக்டர் எழுதினால் மட்டும், எழுதின நாள் வரைக்கும்!

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்