உயிரணுவின் காவலர்

வளர்தல் உயிரின் இயல்பு. அளவறிந்து நிற்றலும் அதற்கு இன்றியமையாததே. கையிற் சிறு காயம் பட்டால், தோலின் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்து புண்ணை மூடுகின்றன. மூடியபின் அவ்வேகம் தணிகின்றது. இங்ஙனம் அடக்கி ஆள்வோர் யாவர்? உயிரணுவினுள் உறையும் சில புரதங்களே அக்காவலர்.

உயிரணு பிரியுமுன் தன் மரபுப்பொருளைப் படியெடுத்துக்கொள்ளல் வேண்டும். அதற்கு முன்னுள்ள வாயிலைக் காப்பது ஆர்.பி. என்னும் புரதம். படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் புரதங்களை இது பிணித்து வைத்திருக்கும். 'வளர்க' என்னும் ஆணை முறையாக வந்த பின்னரே பிடியைத் தளர்த்தும்.

இக்காவலை ஆக்கும் மரபணு, தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக, இரண்டு உண்டு. ஒன்று பழுதுபடினும் மற்றொன்று காக்கும். இரண்டும் பழுதாயின் காவல் ஒழியும். குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்பிரட் நட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், 1971-இல் இவ்வுண்மையை உய்த்துணர்ந்தார். ஒரு பழுதுடன் பிறந்த குழந்தைகளுக்கே இந்நோய் இளமையிலும், பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றக் கண்டார். கண்மணி வெண்மையாக ஒளிர்தல் இதன் அறிகுறி. உடனே மருத்துவரை நாடின் பெரும்பாலும் குழந்தையைக் காத்துவிடலாம்.

மற்றொரு காவலன் பி-53. இது 1979-இல் கண்டறியப்பட்டது. முதலில் இதனைப் புற்றுநோயை வளர்க்கும் பகை என்றே அறிஞர் கருதினர். அவர்கள் கையாண்டது பழுதுற்ற பி-53 என்பது 1989-இல்தான் விளங்கிற்று. கள்வன் எனப் பழிக்கப்பட்ட கோவலன் குற்றமற்றவன் எனப் பின்னர்த் தெளிந்தாற்போல, பகை எனப்பட்டது காவல் எனத் தெளிந்தது.

மரபுப்பொருள் சிதைவுற்றால் பி-53 பெருகி, உயிரணுவின் பிரிவைத் தடுத்து நிறுத்தும். சிதைவைச் செப்பனிடக் காலம் தரும். செப்பனிட இயலாதாயின், அவ்வுயிரணுவையே மாய்ந்தொழியச் செய்யும். ஓரணு அழிந்தேனும் உடல் வாழவேண்டும் என்பதே அதன் அறம் போலும்!

மனிதர்க்கு வரும் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் இக்காவலன் பழுதுற்றே காணப்படுகின்றான். அப்பழுது நம் செயலின்றியும் நேரலாம். ஆதலின் நோயுற்றோரைப் பழித்தல் தகாது. எனினும், புகையிலைப் புகையின் நஞ்சு பி-53 மரபணுவையே தாக்கவல்லது. நம்மைக் காக்கும் காவலனை நம் கையாலேயே வீழ்த்துதல் அறிவுடைமை ஆகுமோ?