கொடி மாறியது, கொடுமை மாறவில்லை!

கார்ட்டூன் படம் குழந்தைகளுக்குத்தானே என்று கேட்பவர்கள், சீனாவிலே 2018 முதல் 2021 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்த 'மோ தாவ் ஸு ஷி' தொடரைப் பார்க்கட்டும். மோ சியாங் தோங் சியூ என்ற புனைபெயரில் எழுதுபவரின் நாவல், படமாக்கப்பட்டிருக்கிறது. பேயும் பிணமும் நடமாடும் கதைதான். ஆயினும் அந்த இருளுக்குள்ளே உழைப்பவர் உணர வேண்டிய பாடம் ஒன்று இருப்பதைக் காண்கிறோம்.

மந்திரக் கலை வல்ல குலங்கள் நாட்டைப் பங்குபோட்டு ஆள்கின்றன. அவற்றுள் ஆணவத்தின் உச்சியிலே நிற்பது வென் குலம். அது ஜியாங் குலத்தின் மாளிகையைத் தாக்குகிறது. தலைவனும் தலைவியும் மாள்கின்றனர். அந்த வீட்டிலே வளர்ந்த அநாதை வேய் ஊ சியன், பழிதீர்க்கக் கிளம்புகிறான். குழலூதிப் பிணங்களை எழுப்புகிறான்! வென் குலத்தை எதிர்க்கும் மற்றக் குலங்களோடு சேர்கிறான். வென் ஆதிக்கம் சாய்கிறது.

சாய்ந்ததும் விடுதலை மலர்ந்ததா? இல்லை! அந்த இடத்தைப் பிடிக்கத் துடிக்கிறது ஜின் குலம். வென் குலத்து எளியவர்களைச் சிறைபிடித்து, அடித்து, அடிமை வேலை வாங்குகிறது. போரில் கொலை புரியாத கிழவரும் பெண்டிரும் சிறுவனும் செய்த குற்றம் என்ன? அந்தக் குலத்திலே பிறந்தது!

பழிவாங்கும் உரிமை எவரைவிடவும் வேய் ஊ சியனுக்கே அதிகம். ஆனால் அவனே சிறையை உடைத்து அவர்களை மீட்கிறான். பிணக்காட்டு மலையிலே குடியேற்றிக் காக்கிறான். உடனே அவன் துரோகியாகிறான்! பகைவனை வீழ்த்தியபோது பயன்பட்ட கலை, ஏழையைக் காத்தபோது பாதகக் கலை ஆகிவிடுகிறது. பெரிய குலங்களின் நீதி இவ்வளவுதான்!

அவனையும் நாம் குறையற்றவன் என்று கூறவில்லை. அவன் எழுப்பிய சக்தி அவன் கட்டுக்கு அடங்காமற்போய், அக்காள் போன்றவளின் கணவனையே கொன்றுவிடுகிறது. முடிவில் குலங்கள் மலையை முற்றுகையிடுகின்றன. அடைக்கலம் புகுந்தவர்கள் அழிகின்றனர். பிழைப்பது அந்தச் சிறுவன் ஒருவனே.

கோபம் கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். அடிபட்டவனுக்குக் கோபம் வராவிட்டால் அவன் மனிதனல்லன். ஆனால் அந்தக் கோபம் பிறப்பின்மீது பாய்ந்தால், பழைய எஜமானன் போய்ப் புதிய எஜமானன் வருவான், அவ்வளவே!

தோழர்களே! சாட்டை பிடித்த கையை மாற்றுவதா நமது வேலை? சாட்டையையே முறிப்பதல்லவா!