முதிர்ந்த இத்தாலிய ஒயினும் ஷாம்பெய்னும்: தில்லி வெயிலில் தரம் அறிவது எப்படி?

புதுதில்லி: ஐரோப்பாவின் நிலவறைகளில் பத்து, இருபது ஆண்டுகள் பக்குவமடைந்த சிவப்பு ஒயின், தில்லியின் ஒரே கோடையில் பாழாகிவிடக்கூடும். புட்டியின் மீதுள்ள சீட்டு, அந்த ஒயின் எந்த ஊரில், எந்த ஆண்டில் பிறந்தது என்பதைக் கூறும்; அதன் பிறகு எவ்வாறு காக்கப்பட்டது என்பதைக் கூறாது. ஆகவே, பெரும் விலை கொடுத்து முதிர்ந்த இத்தாலியச் சிவப்பு ஒயினையோ ஷாம்பெய்னையோ வாங்குவோர், அதன் நிலையைக் கண்ணாலும் மூக்காலும் நாவாலும் அறியப் பழகிக்கொள்வது அவசியமாகிறது.

சந்தை தரும் பாடம்

தெற்கு தில்லியில், ஸ்ரீ அரவிந்தர் சாலையில், தில்லி ஹாட் வளாகத்துக்கு எதிரே அமைந்துள்ளது ஐ.என்.ஏ. மார்க்கெட். மீன், இறைச்சி, மசாலாப் பொருள்கள், தென்னிந்தியக் காய்கறிகள் ஆகியவற்றுடன் ஐரோப்பியப் பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், பாஸ்தா போன்ற இறக்குமதிப் பொருள்களும் இங்கு அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கின்றன. இத்தாலிய விருந்துக்கும் தமிழ்நாட்டு மீன் குழம்புக்கும் ஒரே சந்தையில் பொருள் வாங்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

இங்கு மீன் வாங்க வருவோர், மீனின் பெயரைக் கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டுவதில்லை. கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, தசை விரலுக்கு ஈடு கொடுக்கிறதா என்று பார்க்கிறார்கள். வஞ்சிரம் உயர்ந்த மீன் என்பது உண்மை. ஆனால் பனிக்கட்டியின்றி ஒரு நாள் கிடந்த வஞ்சிரத்தை எவரும் வாங்குவதில்லை. முதிர்ந்த ஒயினுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

சந்தைக்கு அருகிலுள்ள சப்தர்ஜங் வானிலை ஆய்வு மையத்தில், 2024 மே 29 அன்று 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. ஒயினை நெடுநாள் வைத்திருக்க ஏற்ற வெப்பநிலை 12 முதல் 14 டிகிரி. வெப்பம் ஏறும்போது ஒயின் விரிவடைந்து தக்கையை வெளியே தள்ளுகிறது. அந்த இடைவெளியில் காற்று நுழைகிறது. புட்டிக்குள் மெதுவாக நிகழ வேண்டிய வேதிமாற்றங்கள் விரைந்து நிகழ்ந்து, பழ மணம் மறைந்து, காய்ச்சிய பழக்கூழின் வாடை எஞ்சுகிறது. இவ்வாறு கெட்ட ஒயினை மீட்டெடுக்க வழியில்லை.

இழப்பின் அளவும் சிறியதன்று. இந்தியாவில் ஒயின் மீதான இறக்குமதித் தீர்வை நீண்ட காலமாக 150 சதவீதமாக இருந்துவந்தது. எடுத்துக்காட்டாக, 2,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு புட்டிக்கு இவ்விகிதப்படி 3,000 ரூபாய் தீர்வை சேர, விலை 5,000 ரூபாயாகிறது. மாநில வரிகளும் வணிகர் இலாபமும் இதற்கு மேல் சேரும். ஆஸ்திரேலியாவுடன் செய்துகொண்ட, 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, அந்நாட்டு ஒயின்களில் குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்டவற்றுக்குத் தீர்வை படிப்படியாகக் குறைக்கப்படுகிறது.

இத்தாலியின் மூன்று முதிர் ஒயின்கள்

எல்லா ஒயினும் வயதால் மேம்படுவதில்லை. உலகில் விற்பனையாகும் ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே தயாரிக்கப்படுகின்றன. நெடுங்காலம் நிலைத்து நிற்க, துவர்ப்பும் புளிப்பும் மிகுந்திருக்க வேண்டும். இத்தாலியின் சில வகைகளுக்கு அந்த ஆற்றல் உண்டு.

வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், நெபியோலோ என்னும் திராட்சையிலிருந்து உருவாவது பரோலோ. சட்டப்படி இது குறைந்தது 38 மாதங்கள் முதிர்விக்கப்பட வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கழிய வேண்டும். 'ரிசர்வா' எனக் குறிக்கப்பட்டதாயின் 62 மாதங்கள். இப்பகுதியின் திராட்சைத் தோட்ட நிலப்பரப்பை 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

டஸ்கனி மாநிலத்தின் மொண்டால்சினோ ஊரைச் சுற்றி விளையும் சாஞ்சியோவேசே திராட்சையிலிருந்து மட்டுமே தயாரிக்கப்படுவது புரூனெல்லோ. அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டின் ஜனவரி முதல் நாளில்தான் இது சந்தைக்கு வர முடியும். மூன்றாவது, வெரோனா நகரை அடுத்த வால்போலிசெல்லா பகுதியின் அமரோனே. அறுவடை செய்த திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்தி, நீர் வற்றிய பின்னர் பிழிந்து நொதிக்க வைப்பதால், இது அடர்த்தியும் வீரியமும் மிக்கதாகிறது. மோரில் ஊறிய மிளகாயை வற்றலாக்கும்போது சுவை செறிவதுபோல இங்கும் நிகழ்கிறது.

இம்மூன்றும் இத்தாலியின் உயர்நிலைத் தரச்சான்றான 'டிஓசிஜி' பெற்றவை. எண்ணிட்ட அரசு முத்திரைத்தாள் ஒன்று புட்டியின் கழுத்துப் பகுதியில் ஒட்டப்பட்டிருக்கும். வாங்கும்போது முதலில் காண வேண்டியது இதனை. அடுத்து, இந்தியாவில் ஒட்டப்படும் இறக்குமதியாளரின் பெயர், முகவரி அடங்கிய சீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயதால் மாறுவது என்ன?

இளம் பரோலோவை ஒரு வாய் அருந்தினால், பச்சை வாழைக்காயையோ கொட்டைப்பாக்கையோ கடித்ததுபோல் ஈறுகள் இறுகும். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளே இதற்குக் காரணம். ஆண்டுகள் செல்லச் செல்ல டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் இணைந்து, கனத்து, கசடாகப் புட்டியின் அடியில் படிகின்றன. துவர்ப்பு தணிந்து மென்மையாகிறது. நிறம் ஆழ்ந்த சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. கசடு தீங்கற்றது, பழைய ஒயினில் அது இயல்பு.

மணமும் மாறுகிறது. இளமையில் செர்ரி, பிளம் போன்ற புதுப்பழ மணம் மேலோங்கும். முதிர்ச்சியில் உலர்ந்த ரோஜா இதழ், காய்ந்த அத்தி, கிராம்பு, புகையிலை, பதனிட்ட தோல், மழை நனைத்த மண் என மணங்கள் பலவாகப் பிரியும். நெபியோலோவுக்கே உரியதாகத் தாரின் வாடையையும் குறிப்பிடுவர். இவற்றை அடையாளம் காண வெளிநாட்டுச் சொற்பட்டியல் தேவையில்லை. கிராம்பையும் பட்டையையும் அத்திப்பழத்தையும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் மசாலாக் கடைகளில் முகர்ந்து பழகிய மூக்கே போதும்.

சுவைக்கும் முறை

ஐரோப்பிய நூல்கள் சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாறச் சொல்கின்றன. குளிர்நாட்டுப் பழைய வீடுகளின் அறையையே அவை குறிக்கின்றன. 32 டிகிரி வெப்பமுள்ள தில்லி அறையில் அதே அறிவுரையைப் பின்பற்றினால், ஆல்கஹாலின் காரம் மட்டுமே மூக்கில் ஏறும். 16 முதல் 18 டிகிரியே ஏற்றது. சாதாரண அறையில் இருந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து எடுப்பது நலம்.

முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வைத்தால் கசடு அடியில் தங்கும். பழைய தக்கை எளிதில் உடையக்கூடும் என்பதால் பொறுமையாக இழுக்க வேண்டும். பின்னர், புட்டியின் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் மெல்லச் சாய்த்து ஊற்றி, கசடு கழுத்தை எட்டும்போது நிறுத்திவிட வேண்டும். இளம் பரோலோவுக்கு ஓரிரு மணி நேரம் காற்று நன்மை செய்யும். மிகப் பழைய ஒயினின் மணமோ விரைவில் கலைந்துவிடும் என்பதால் ஊற்றியவுடன் அருந்தத் தொடங்குவதே பாதுகாப்பு.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, வெள்ளைத் துணியின் மேல் சாய்த்து நிறத்தைக் காண வேண்டும். ஓரத்தில் செங்கல் நிறம் முதிர்ச்சியின் அடையாளம். உயிரற்ற பழுப்பு நிறம் எச்சரிக்கை. அடுத்து முகர வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை எழுந்தால், தக்கையிலிருந்து 'டிசிஏ' என்னும் வேதிப்பொருள் கலந்துள்ளது எனக் கொள்ளலாம். காடி நெடி வந்தால் காற்று புகுந்துவிட்டது. இவை உற்பத்தியிலோ பாதுகாப்பிலோ நேர்ந்த பழுதுகள். சுவைப்பவரின் அறியாமை அன்று. விலை அதிகம் என்பதற்காக இவற்றைப் 'பழமையின் மணம்' என்று பாராட்ட வேண்டியதில்லை.

இறுதியாக, சிறு மிடறு. வாயில் சில நொடிகள் நிறுத்தி, புளிப்பு, துவர்ப்பு, பழச்சுவை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். விழுங்கிய பின்னும் சுவை நீண்டு நிற்பது நல்ல ஒயினின் இலக்கணம்.

ஷாம்பெய்ன்: குமிழியின் பின்னணி

பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் விளைந்து, அங்கேயே புட்டிக்குள் இரண்டாம் முறை நொதித்த ஒயினுக்கு மட்டுமே அப்பெயர் உரியது. இந்தியாவிலும் இது புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றுள்ளது. அதனால் நாசிக்கில் தயாராகும் குமிழி ஒயின்கள் அப்பெயரைத் தாங்குவதில்லை.

ஒயினுடன் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடும்போது, வெளியேற வழியின்றி கரியமில வாயு அதிலேயே கரைகிறது. வேலை முடித்த ஈஸ்ட் செல்கள் மெல்லச் சிதைந்து, சுட்ட ரொட்டியின் மணத்தைத் தருகின்றன. ஆண்டு குறிக்கப்படாத வகை 15 மாதங்களும், ஆண்டு குறிக்கப்பட்டது மூன்று ஆண்டுகளும் குறைந்தபட்சம் நிலவறையில் இருக்க வேண்டும். முதிர்ந்த ஷாம்பெய்னில் நிறம் பொன்னாக ஆழ்ந்து, குமிழிகள் தணிந்து, தேன், வறுத்த கொட்டை, காளான் ஆகியவற்றின் மணம் எழும்.

சீட்டிலுள்ள சொற்களில் ஒரு பொறி உண்டு. 'புரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது பெயரளவில் இனிப்பே அற்றதுபோல் தோன்றினாலும், 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை கொண்டது. 'டெமி-செக்' 32 முதல் 50 கிராம் வரை கொண்ட இனிப்பு வகை.

புட்டிக்குள் அழுத்தம் ஐந்து முதல் ஆறு வளிமண்டல அளவு. கார் சக்கரத்தின் காற்றழுத்தத்தைவிட இருமடங்குக்கும் மேல். வெப்பத்தில் அது மேலும் கூடுவதால், தில்லிக் கோடையில் குளிர்விக்காத புட்டியைத் திறப்பது கண்ணுக்கு ஆபத்து. 8 முதல் 10 டிகிரிக்குக் குளிர்வித்து, மனிதர் இல்லாத திசையில் சாய்த்து, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியைத் திருக வேண்டும். பெருமூச்சு போன்ற மெல்லிய ஒலியோடு தக்கை வெளிவருவதே சரியான முறை. நீண்டு குறுகிய கோப்பை குமிழியைக் காட்டும். மணத்தை அறிய, நடுவில் அகன்று வாயில் குவிந்த கோப்பையே உகந்தது.

கடலடியில் கிடைத்த சான்று

பாதுகாப்பே ஒயினின் ஆயுளை முடிவு செய்கிறது என்பதற்குப் பால்டிக் கடல் சான்று தந்தது. பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளை ஒட்டி, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 2010-ஆம் ஆண்டு 168 ஷாம்பெய்ன் புட்டிகள் மீட்கப்பட்டன. ஏறத்தாழ 170 ஆண்டுகள் இருளிலும் கடுங்குளிரிலும் அவை கிடந்தன. 2015-இல் வெளியான ஆய்வின்படி, திறந்தவுடன் விரும்பத்தகாத விலங்கு வாடை வீசிய போதிலும், கோப்பையில் சுழற்றிக் காற்றுப் பட்டதும் புகை, தோல், பழம், மலர் ஆகிய மணங்கள் வெளிப்பட்டன. கடலடி தந்த அந்தக் குளிரைச் சாளரமில்லா அலமாரியும் சமையலறை மேடையும் தர இயலாது. குளிர்பதன வசதி இல்லாதோர், கோடைக்கு முன் வாங்கிச் சேமிப்பதைத் தவிர்த்து, தேவையானபோது மட்டும் வாங்கி விரைவில் பயன்படுத்துவதே அறிவுடைமை.

எந்த உணவுடன்?

கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும். குறைந்தது 12 மாதங்கள் முதிர்ந்த பர்மேசான் பாலாடைக்கட்டியும், மெதுவாக வெந்த ஆட்டிறைச்சியும் பரோலோவுக்கு நல்ல இணைகள். மிளகாய்க் காரமோ ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். புளியும் மிளகாயும் மிகுந்த மீன் குழம்பின் முன் முதிர்ந்த ஒயினின் நுண்மணங்கள் மறைந்துபோகும். பொரித்த மீன், உளுந்து வடை, முறுக்கு போன்ற உப்பும் எண்ணெயும் சேர்ந்தவற்றுடன் புரூட் ஷாம்பெய்ன் நன்கு பொருந்தும். அதன் புளிப்பும் குமிழியும் எண்ணெய்ப் பிசுக்கை நாவிலிருந்து அகற்றுகின்றன.

கவனத்திற்கு

தில்லியில் மது வாங்கவும் அருந்தவும் சட்டப்படி 25 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல் சில்லறை மது விற்பனை அரசுக் கழகங்களின் கடைகள் வழியே நடைபெறுகிறது. மதுவில் பாதுகாப்பான அளவு என எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியுள்ளது. முதிர்ந்த ஒயினுக்கும் இதில் விலக்கில்லை. சுவைஞர்கள் பலர் தொழில்முறைச் சோதனையின்போது ஒயினை வாயில் நிறுத்திச் சுவைத்த பின் உமிழ்ந்துவிடுகின்றனர். சுவையை அறிய அதுவே போதுமானது.