மின்சாரம் வரும் வழி – 14: பன்னிரண்டைத் தொடும் முன்

2013 அக்டோபர் 22, அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு தென் மண்டல மின்தொகுப்புடன் இணைக்கப்பட்டது. மறுநாள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “இணைச்சாச்சு, இணைச்சாச்சுன்னு போட்டிருக்கான். அப்போ இவ்வளவு நாளும் கம்பியை மாட்டாமலா தம்பி வெச்சிருந்தாங்க?”

சரியான கேள்வி. கம்பியை எப்போதோ மாட்டியாகிவிட்டது. ஜெனரேட்டரும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பிரேக்கர் திறந்து கிடந்தது. அதன் ஒரு பக்கம் தென்னிந்தியா முழுமைக்குமான மின்சாரம். மறுபக்கம், நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிற, 1,000 மெகாவாட் தரக்கூடிய ஒற்றை எந்திரத்தின் மின்சாரம். அந்தப் பிரேக்கரை மூடுவதைத்தான் ‘இணைப்பது’ என்கிறோம். மூடுவதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. எந்தக் கணத்தில் மூடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மின்நிலையத்துக்காரர்கள் இதை ‘சிங்க் பண்றது’ என்பார்கள்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. ஜெனரேட்டருக்குள் இருமுனைக் காந்தம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் அலை. நீராவியில் ஓடும் பெரிய எந்திரங்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுவது இதனால்தான். நீர்மின் எந்திரங்களால் அவ்வளவு வேகம் போக முடியாது. அவற்றுக்குக் காந்த முனைகளைக் கூட்டிவிடுவார்கள். 12 முனை இருந்தால் 500 சுற்று போதும். எந்திரம் எதுவானாலும் வெளியே வரும் அலை நொடிக்கு 50.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்புக்குள் புதிதாக ஓர் எந்திரம் நுழைய வேண்டுமானால் இரண்டு பக்கமும் நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். மூன்று ஃபேஸ்களும் வருகிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். எந்திரத்தை நிறுவும்போதே அதைச் சரிபார்த்துவிடுவார்கள். மின்னழுத்தம் ஒத்திருக்க வேண்டும். காந்தத்துக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் அது வந்துவிடும். அதிர்வெண் ஒத்திருக்க வேண்டும். அதற்கு நீராவியையோ நீரையோ கூட்டிக் குறைக்க வேண்டும். நான்காவதுதான் ஆளைப் படுத்துவது. இரண்டு அலைகளும் ஒரே நேரத்தில் உச்சியில் இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் பள்ளத்தில் இருக்க வேண்டும்.

தம்புரா சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். சாரணி, அனுசாரணி என்ற நடுத்தந்திகள் இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தால் நாதம் பெருகித் தணிந்து, பெருகித் தணிந்து அலையடிக்கும். மணியை நகர்த்த நகர்த்த அந்த அலை மெதுவாகும். அது நீண்டு நீண்டு அடங்கிப்போகும் இடத்தில் இரண்டு தந்தியும் ஒன்று. மின்நிலையத்தில் இந்த அலையைக் காதால் கேட்பதற்குப் பதிலாகக் கண்ணால் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அதை முதலில் பார்த்தது கல்லூரியின் மெஷின்ஸ் லேபில். திறந்து கிடக்கும் சுவிட்சின் குறுக்கே ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று பல்புகள். இரண்டு பக்க அலையும் எதிரெதிராக இருக்கும்போது பல்புகள் பளீரென்று எரியும், ஒத்துவரும்போது அணையும். மூன்றும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தால் ஃபேஸ் வரிசை சரி. ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் எங்கோ இரண்டு கம்பி மாறியிருக்கிறது என்று பொருள். வேகத்தைச் சரிசெய்யச் செய்ய எரிந்து அணைவது நிதானமானது. நிதானமாகத்தானே இருக்கிறது என்று பல்பு மறுபடி எரியத் தொடங்கும் நேரத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

அந்தச் சத்தத்தை இன்றும் மறக்க முடியவில்லை. மேஜை உயரம்கூட இல்லாத எந்திரம் அது. உறுமிக்கொண்டு அடித்தளத்தோடு ஒரு குலுக்குக் குலுங்கியது. ஃபியூஸ் போய் நின்றது. பயிற்றுநர் கோபப்படவில்லை. எந்திரத்தின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இது அஞ்சு குதிரைத்திறன். பிழைச்சுக்கும். பெரிய மிஷின்னா ஷாஃப்ட் முறுக்கிக்கும், தம்பி” என்றார்.

அவர் பயமுறுத்தச் சொன்ன வார்த்தை அல்ல அது. பிரேக்கரை மூடியதும் தொகுப்பு அந்த எந்திரத்தைத் தன் அலைக்கு இழுக்கிறது. எங்கே நிற்கிறாய் என்று கேட்பதில்லை. அலைகள் நேர் எதிராக இருந்தால் பிரேக்கரின் இரு முனைக்கும் நடுவே வழக்கமான மின்னழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு நிற்கும். பல டன் எடையோடு சுழலும் ரோட்டார் கண நேரத்தில் வேறோர் இடத்துக்குத் திருப்பப்படுகிறது. தண்டு முறுக்கிக்கொள்ளும், இணைப்பு போல்ட்டுகள் அறுபடும், சுருள்களின் முனைகள் இடம்பெயரும். அன்று எதுவும் தெரியாமல்கூடப் போகலாம். விரிசல் உள்ளேயே இருந்து, மாதங்கள் கழித்து ஒருநாள் வெளிப்படும். இதை நான் மிகவும் கொடியதாக நினைக்கிறேன்.

இந்தச் சேதத்தை வேண்டுமென்றே செய்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் 2007 மார்ச்சில் 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்றைத் தொகுப்போடு இணைத்து ஓடவிட்டார்கள். குண்டு வைக்கவில்லை, சுத்தியல் எடுக்கவில்லை. பிரேக்கரைத் திறந்து, எந்திரம் சற்று விலகியதும் தவறான கணத்தில் மூடும்படி கணினி வழியாகக் கட்டளை போனது. அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். எந்திரம் துள்ளியது, துண்டுகள் தெறித்தன, கடைசியில் புகை கக்கி நின்றது. ‘அரோரா’ என்று பெயரிட்ட அந்தச் சோதனையின் காணொளி பிறகு வெளியானது. மின்நிலையங்களைக் கணினி வழியாகத் தாக்க முடியும் என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள். எனக்கு அது காட்டியது வேறு: கணம் தவறுவது ஒன்றே போதும், ஆயுதம் தேவையில்லை.

பல்புகளை நம்பி இப்போது யாரும் பெரிய எந்திரத்தை இணைப்பதில்லை. மின்னழுத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே பல்பு அணைந்துவிடும். ஃபியூஸான பல்பும் அணைந்துதான் இருக்கும். அதனால் சிங்க்ரோஸ்கோப் வந்தது. கடிகாரம் போன்ற வட்டம், ஒரே முள். இரண்டு அலைகளுக்கும் நடுவே உள்ள விலகலை அந்த முள் காட்டும். எந்திரம் தொகுப்பைவிட வேகமாக ஓடினால் முள் வலஞ்சுழியாக நகரும், மெதுவாக ஓடினால் இடஞ்சுழியாக. பன்னிரண்டு மணி நிலைக்கு வந்தால் இரண்டு அலையும் ஒன்றின்மேல் ஒன்று.

பன்னிரண்டுக்கு வந்ததும் சுவிட்சைத் திருப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். அப்படிச் செய்தால் தாமதம். கட்டளை போய் பிரேக்கரின் முனைகள் தொடுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். முள் பத்து நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 36 பாகை. பிரேக்கருக்கு 0.08 நொடி ஆகுமானால் அதற்குள் முள் ஏறக்குறைய 3 பாகை தாண்டிவிடும். அதனால் பன்னிரண்டைத் தொடும் முன்பே கையைத் திருப்புவார்கள். முள் வலப்பக்கமாக, மிக நிதானமாக வரும்போதுதான் இணைப்பார்கள். இம்மி வேகம் கூடுதலாக உள்ளே வரும் எந்திரம் வந்ததுமே கொஞ்சம் மின்சாரம் கொடுக்கும். வேகம் குறைந்து நுழைந்தால் தொகுப்பிடமிருந்து மின்சாரத்தை வாங்கி மோட்டார்போல ஓடத் தொடங்கும்; அதைப் பார்த்ததும் பாதுகாப்பு ரிலே எந்திரத்தை வெளியே தள்ளிவிடும். இன்று இந்தக் கணக்கையெல்லாம் தானியங்கிக் கருவி செய்கிறது. கைவழி இணைத்தாலும், விலகல் வரம்புக்குள் இல்லையென்றால் கட்டளையையே தடுத்துவிடும் ரிலே ஒன்று நடுவில் காவல் இருக்கிறது.

நுழைந்த பிறகு நடப்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம். எந்திரத்தை யாரும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அது கொஞ்சம் முந்தினால் அதன்மேல் சுமை கூடும். கூடிய சுமையே அதைப் பின்னுக்கு இழுக்கும். பிந்தினால் சுமை குறையும். தானாகவே வேகம் பிடிக்கும். தொகுப்பில் இருக்கும் நூற்றுக்கணக்கான எந்திரங்கள் இப்படி ஒன்றையொன்று பிடித்தபடி ஒரே அதிர்வெண்ணில் சுழல்கின்றன. கூடங்குளம் அலகும் அன்று முழுத் திறனோடு பாயவில்லை. மிகக் குறைந்த சுமையோடு உள்ளே வந்தது. சுமையைப் பிறகுதான் படிப்படியாக ஏற்றினார்கள்.

அடுத்த பத்து வாரத்துக்குள் இதைவிடப் பெரிய இணைப்பு ஒன்று நடந்தது. அதற்கு இத்தனை பேச்சு எழவில்லை என்பது எனக்கு இன்றும் குறைதான்.

2013 டிசம்பர் 31 இரவு. கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென் மண்டலம் முழுவதும் நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைந்து இணைந்தது. 1991இல் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்திருந்தன, 2003இல் மேற்கு வந்தது, 2006இல் வடக்கு. தெற்கு மட்டும் தனி அதிர்வெண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கோடு நமக்குத் தொடர்பே இல்லை என்பதல்ல. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கோலார் வரை நேர்மின்னோட்டத் தடம் இருந்தது. பத்ராவதியிலும் காஜுவாக்காவிலும் நேர்மின்னோட்டக் கதவுகள் இருந்தன. நேர்மின்னோட்டத்தில் அலை கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதவின் கொள்ளளவுக்கு மேல் ஒரு மெகாவாட்கூட வராது.

தனியாக நின்றதில் ஒரு பலன் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 2012 ஜூலை 30 அதிகாலை பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டு வட மண்டலம் இருண்டது. மறுநாள் பகலில் அதே தடம் மறுபடியும் துண்டிக்கப்பட்டது. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு. ஒத்திசைந்து ஓடும் எந்திரங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் என்றேன். பிடி தாங்காத அளவுக்கு விலகிவிட்டால் அதே பிடி எல்லோரையும் சேர்த்து இழுத்துப்போகும். தெற்கு நேர்மின்னோட்டத்தால் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்ததால் தப்பியது.

அதைப் பார்த்த பிறகும், பதினேழே மாதங்களில், அந்தப் பெரிய தொகுப்போடு போய்ச் சேர்ந்துகொண்டோம். சரியா? சரி என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டுகளின் மின்வெட்டைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. திருப்பூரிலும் கோவையிலும் டீசல் செட்டின் இரைச்சலுக்கு நடுவே தறியும் லேத்தும் ஓடின, ஓடாமல் நின்றன. மேற்கிலும் கிழக்கிலும் மின்சாரம் உபரியாக இருந்த நேரத்தில்கூட நம் பக்கம் வரக் கதவு போதவில்லை. மின் சந்தையில் தெற்குக்கு மட்டும் விலை ஏறி நின்றது.

ஓர் எந்திரத்தை இணைப்பதும் இரண்டு மண்டலங்களை இணைப்பதும் கொள்கையில் ஒன்றே. செய்கையில் அப்படியல்ல. ஒற்றை எந்திரமானால் நீராவியைத் திருகி அதன் வேகத்தை நம் வழிக்குக் கொண்டுவரலாம். தென்னிந்தியாவின் வேகத்தைத் திருக எந்தக் கைப்பிடியும் இல்லை. அன்று நாட்டின் உச்சத் தேவை சுமார் 1,30,000 மெகாவாட். அதில் கால் பங்குக்கு மேல் தெற்குடையது. இரண்டு பக்கமும் கோடிக்கணக்கான வீடுகளில் மோட்டார் போட்டு நிறுத்த, இரண்டு அதிர்வெண்ணும் தம் போக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட இணைப்பில் தடத்தின் ஒரு முனையிலிருந்து மின்னூட்டம் கொடுத்துவிட்டு, மறுமுனைப் பிரேக்கரின் முன்னே காத்திருப்பார்கள். மின்சுமை பகிர்வு மையங்கள் உற்பத்தியைக் கூட்டியும் குறைத்தும் இரண்டையும் அருகே கொண்டுவரும். முள் நிதானமாகும் வரை பொறுத்திருப்பதே வேலை.

மூடியதும் தெற்கே மின்சாரம் கொட்டிவிடவில்லை. இரண்டு பெரும் பாரங்களை ஒரு மெல்லிய சுருள்வில்லால் கட்டியதுபோல, ஒற்றைத் தடத்தில் மின்சாரம் இங்கும் அங்குமாக ஊசலாடும் ஆபத்து இருந்தது. அதனால் தொடக்கத்தில் அனுப்பும் அளவைக் கட்டுப்படுத்தியே வைத்தார்கள். இரண்டாவது தடம் வந்து, வேறு வழிகளும் திறந்த பிறகுதான் பிடி இறுகியது.

அந்தப் பிடி எவ்வளவு இறுகியது என்பதை 2020 ஏப்ரல் 5 காட்டியது. ஊரடங்கின்போது இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கச் சொன்ன நாள். அரை மணி நேரத்துக்குள் நாட்டின் மின் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது; பிறகு திரும்பி ஏறியது. தேவை இறங்க இறங்க நாடெங்கும் நீர்மின் நிலையங்கள் நீரைக் குறைத்தன. ஏற ஏறத் திறந்துவிட்டன. வடக்கே இமயமலை அடிவார அணைகளும் தெற்கே நம் மலை அணைகளும் ஒரே அதிர்வெண்ணைப் பார்த்துக்கொண்டு ஒரே வேலையைச் செய்தன. அந்த அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. எங்கும் விழவில்லை. நாம் வாசலில் அகல் ஏற்றி நின்ற அந்நேரம், கட்டுப்பாட்டு அறைகளில் இருந்தவர்கள் திரையில் ஓடிய அந்த ஒற்றை எண்ணைவிட்டுக் கண்ணை எடுத்திருக்க மாட்டார்கள்.

(தொடரும்)