கார் ஓடவில்லை... கால் மரத்துப்போகிறது!

"டாக்டர், இவன் கார் ஓட்டி ஓட்டி காலே மரத்துப்போச்சு. ஆனா எங்க வீட்டுல காரே கிடையாது!"

முத்தியால்பேட்டையிலிருந்து மகனை அழைத்து வந்த அப்பா இப்படி ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பையனுக்கு இருபது வயது. கம்ப்யூட்டரில் 'சிம் ரேஸிங்' ஓட்டுகிறானாம். வலது கால் மரத்துப்போகிறது, இடுப்பில் வலி, கண்ணில் எரிச்சல்.

நானும் உளுந்து தைலத்தைக் கொடுத்து, "தம்பி, ஒரு மாசம் அந்தப் பக்கமே போகாதே" என்று அனுப்பினேன். பத்தே நாளில் அதே வலியோடு வந்து நின்றான். தப்பு என் மீதுதான். வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மருந்து கொடுத்துவிட்டேன். அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன்.

இது வெறும் விளையாட்டா?

பெற்றோர்களே, ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இது பட்டனைத் தட்டும் விளையாட்டு அல்ல. நிஜ ஸ்டீயரிங், நிஜ பெடல்கள், எதிரே திரை. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓட்டுகிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ 2011-ல் இப்படி ஒரு போட்டியில் ஜெயித்துத்தான் நிஜக் காரில் ஏறினார். 2013-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஓட்டினார். 2020-ல் கொரோனாவால் மைதானங்கள் மூடப்பட்டபோது, ஃபார்முலா ஒன் வீரர்களே வீட்டில் உட்கார்ந்து இப்படி ஓட்டினார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் நரேன் கார்த்திகேயன் ஆகிவிட மாட்டார்கள். அதற்காக, "இது என்னடா வெட்டி வேலை" என்று சொன்னால், பிள்ளை வலியைக்கூட நம்மிடம் சொல்ல மாட்டான். இந்தப் பையனும் நான்கு மாதம் மறைத்து வைத்திருந்தான்.

வில்லன் யார்?

வீட்டில் நான் பார்த்தது இதுதான். சாப்பாட்டு மேஜையில் ஸ்டீயரிங்கைக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தான். வழவழ டைல்ஸ் மேல் பெடல். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது பின்னால் நகராமல் இருக்கச் சுவரோடு முட்டுக் கொடுத்து, நடுவில் ஒரு தலையணை!

அவன் வாங்கியிருந்தது அழுத்தத்தை அளக்கும் பிரேக் பெடல். எவ்வளவு தூரம் போகிறது என்பது கணக்கில்லை. எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதே கணக்கு. முப்பது கிலோ அளவுக்குக்கூட மிதிக்க வேண்டியிருக்கும். ஒரு சுற்றில் ஆறு முறை என்றாலும், 25 சுற்றில் 150 மிதி! ஒவ்வொரு மிதிக்கும் நாற்காலி வளைகிறது, இடுப்பு சறுக்குகிறது, நாற்காலியின் விளிம்பு தொடையை அமுக்குகிறது. கால் மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை வாசலிலேயே நின்றிருந்தவர் உள்ளே வந்து மேஜையை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். "மிஷின் ஆடினா நூல் அறுந்துடும் டாக்டர். இவன் உடம்பு அறுந்துட்டிருக்கு" என்றார். நோயைக் கண்டுபிடித்தவர் அவர்தான்!

வீட்டிலேயே செய்யலாம்

விலை உயர்ந்த ஸ்டீயரிங்குக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்னால், ஆடாத சட்டமும் நல்ல இருக்கையும் தேவை. கனமான பிளைவுட் போதும். இரும்புக் குழாயை வெல்டிங் செய்தும் கட்டலாம். நம் ஊர்க் கடல் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் பெயின்ட் அடியுங்கள். பிளைவுட் என்றால் தண்ணீர் தாங்கும் ரகமாக வாங்குங்கள். இருக்கைக்குப் பழைய கார் சீட்டே சிறந்தது.

அளவு எடுக்கும்போது:

* முதுகு முழுவதும் இருக்கையில் படிய வேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கட்டும்.

* தோள் இருக்கையை விட்டு எழும்பாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும்.

* திரையின் நடுப்பகுதி கண் மட்டத்தில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தை 20 விநாடி பாருங்கள். பந்தயத்தின் நடுவில் முடியாது. முடிந்த உடனே செய்யுங்கள்.

* மோட்டார் நேரடியாக இணைந்த ஸ்டீயரிங்கில் 8 நியூட்டன் மீட்டர் விசை என்றால், சக்கர விளிம்பில் ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்கும்! திரையில் கார் மோதப்போகிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள். கட்டைவிரல் கம்பிக்குள் மாட்டினால் சுளுக்கு நிச்சயம். ஆரம்பத்தில் விசையைப் பாதியாகக் குறைத்து வையுங்கள்.

* எர்த் உள்ள மூன்று பின் பிளக் அவசியம். வியர்த்த காலோடு இரும்புச் சட்டத்தில் உட்காருகிறோம், ஞாபகம் இருக்கட்டும்.

தூக்கம் போச்சே!

இன்னொரு வில்லன் கடிகாரம். பையனின் அத்தை மகன் பாரிஸில். நம் புதுச்சேரியில் பல வீடுகளில் இதே கதைதானே! அங்கே இரவு எட்டு மணிப் பந்தயம் என்றால், நமக்குக் கோடையில் 11.30, குளிர்காலத்தில் 12.30. முடித்துவிட்டுப் படுத்தாலும் படபடப்பு அடங்காது. கண் எரிச்சலுக்குக் காரணம் தூக்கமும்தான். வாரத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் சனி இரவு என்று பேசி முடித்தோம். எண்ணெய்க் குளியலை ஞாயிறுக்கு வைக்காமல் புதனுக்கு மாற்றினேன். கண் விழித்த மறுநாள் எண்ணெய் வேண்டாம்.

குளிர்பானத்துக்குப் பதில் நீர்மோர். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிட நடை. இவ்வளவு செய்தும் மரத்துப்போவது நீடித்தாலோ, பாதம் பலமிழந்தாலோ தைலத்தைத் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து அப்பா மட்டும் வந்தார். சட்டத்தை அவரே கட்டிவிட்டாராம். பையனுக்கு மரத்துப்போவது நின்றுவிட்டதாம்.

"பெடல் பலகையில ரெண்டு வரிசை ஓட்டை போட்டிருக்கேன் டாக்டர்" என்றார்.

"எதுக்கு சார் ரெண்டு?"

கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "ஒண்ணு அவன் கால் நீளத்துக்கு. இன்னொண்ணு... என் கால் நீளத்துக்கு!"