குதித்தால் போதுமா? இறங்கத் தெரிய வேண்டாமா?

2022 ஜூலையில் இங்கிலாந்தில் பெண்கள் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி தொடங்கவிருந்தது. அதற்கு முதல் நாள், பயிற்சியின்போது ஸ்பெயின் வீராங்கனை அலெக்சியா புட்டெயாசின் இடது முழங்காலில் ஒரு தசைநார் கிழிந்தது. 2021-இல் உலகின் தலைசிறந்த வீராங்கனை என்று பாலன் தோர் விருது பெற்றவர் அவர். பல மாதங்கள் அவரால் ஆட முடியவில்லை.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிணைப்பது இத்தசைநார். கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் தடுப்பது இதன் வேலை. கால்பந்து, கூடைப்பந்து ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகமாகக் கிழிகிறது. பெரும்பாலும் மோதலால் அன்று. குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும்தான்!

ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

உங்கள் நிறை 50 கிலோகிராம். 40 செ.மீ. உயரத்திலிருந்து குதிக்கிறீர்கள். காலை விறைப்பாக வைத்து இறங்கினால், பாதம் தரையைத் தொட்டபின் உடல் 5 செ.மீ. மட்டுமே தாழ்ந்து நிற்பதாகக் கொள்வோம். 40-ஐ 5-ஆல் வகுத்தால் 8. உடலின் எடையைத் தாங்க இன்னும் 1. ஆக, தரை உங்கள் எடையைப்போல் 9 மடங்கு, அதாவது ஏறத்தாழ 4,500 நியூட்டன் சராசரி விசையுடன் உங்களை மேலே தள்ளும். முழங்காலை மடக்கி 20 செ.மீ. தாழ்ந்தால்? 2-உடன் 1, மொத்தம் 3 மடங்கு, 1,500 நியூட்டன்தான்!

பருவ வயதில் பெண்களின் உயரமும் எடையும் கூடுகின்றன. ஆனால், ஆண்களுக்குக் கூடும் அளவுக்குத் தசைவலிமை கூடுவதில்லை. காலை விறைத்து, முழங்கால்கள் உட்பக்கம் சாய இறங்கும் பழக்கமும் பலரிடம் காணப்படுகிறது. அந்தச் சாய்வு தசைநாரை மேலும் இழுக்கிறது. தொடையின் பின்புறத் தசைகள் கீழ்க்கால் எலும்பைப் பின்னே இழுத்துத் தசைநாருக்குத் துணை நிற்பவை. முழங்கால் மடங்கியிருந்தால்தான் அவை அவ்வேலையை நன்கு செய்யும்.

பழக்கத்தை மாற்ற முடியுமா? முடியும். 2007-இல் நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 கால்பந்து வீராங்கனைகளிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் பயிற்சி ஆட்டத்திற்கு முன் 20 நிமிடம் ஓட்டம், தொடைத் தசைப் பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்றல், சரியாகக் குதித்து இறங்குதல் ஆகியவற்றைச் செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் ஆடினார்கள். பயிற்சி செய்தவர்களுக்குக் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

மாணவிகளே, தோழியை எதிரே நிறுத்தி மெல்லக் குதித்து இறங்குங்கள். முழங்கால் பாதத்திற்கு நேராக மடிகிறதா, உள்ளே சாய்கிறதா? அவள் பார்த்துச் சொல்லட்டும். சாய்ந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ‘பெண்ணுக்கு எதற்கு விளையாட்டு?’ என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். விலக்க வேண்டியது விளையாட்டையன்று, விறைத்த காலைத்தான்!