காது வலிக்கு நல்ல கிருமி: பின்லாந்து தேடிய விடை

பின்லாந்தின் வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது ஓலு நகரம். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சம் நான்கு மணி நேரம்கூட இருக்காது. வெளியே பனி, உள்ளே, பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் ஒரே கூடத்தில் மூக்கு ஒழுகும் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் சளி இன்னொன்றுக்கு ஒட்டும், சில நாளில் காது வலிக்கும், உடனே ஆன்டிபயாடிக். இதை நிறுத்த முடியுமா என்று பார்க்க, அந்த நகரத்தின் ஆராய்ச்சியாளர்கள் காப்பகம் செல்லும் 827 குழந்தைகளைச் சேர்த்தார்கள். எல்லாரும் ஒன்று முதல் ஆறு வயதுக்குள். பாதிப் பேருக்கு ஆறு மாதம் தினமும் நல்ல கிருமி கலந்த பொடி. மீதிப் பேருக்குக் கிருமி இல்லாத வெறும் பொடி. 2023-ல் முடிவு வெளியானது. ஆன்டிபயாடிக் கொடுக்கும் அளவுக்குக் காது நோய் வந்தவர்கள், நல்ல கிருமி சாப்பிட்டவர்களில் 8 சதவீதம். சாப்பிடாதவர்களில் 6 சதவீதம். பொடியால் நோய் குறையவில்லை.

மாதம் தவறாமல் காது வலியென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோருக்கு இது ஏமாற்றமான செய்திதான். மருந்துக் கடையில் புரோபயாடிக், அதாவது நல்ல கிருமி கலந்த சாஷே சுலபமாகக் கிடைக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுத்துப் பழகியதை ‘காதுக்கும் நல்லதாமே’ என்று வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணத்துக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு யூஸ்டேஷியன் குழாய் என்ற மெல்லிய பாதை போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, நல்ல சரிவாக இருக்கும். கைக்குழந்தைக்கு அது குட்டை. ஏறக்குறைய படுக்கைவாட்டில் கிடக்கும். சளி பிடித்ததும் குழாய் வீங்கி அடைபடுகிறது, உள்ளே நீர் தேங்குகிறது, மூக்கின் பின்னால் குடியிருக்கும் கிருமிகள் அங்கே ஏறிவிடுகின்றன. பெரும்பாலும் மூன்று கிருமிகள்தான்: நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா, மொராக்ஸெல்லா. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை இந்த நோய் உச்சத்தில் இருக்கும். ஆறு மாதத்துக்குள் மூன்று முறை, அல்லது ஒரு வருடத்தில் நான்கு முறை வந்தால் மருத்துவர்கள் அதை ‘மீண்டும் மீண்டும் வரும் காது நோய்’ என்ற கணக்கில் சேர்க்கிறார்கள்.

மூக்கின் பின்புறத்தில் அந்த மூன்று கிருமிகள் மட்டும் இருப்பதில்லை. ஆல்ஃபா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற சாதுவான இனமும் உண்டு. பேருந்தில் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல இவை இடத்தைப் பிடித்துக்கொண்டால், கெட்டவை உட்கார இடம் குறையும். காது நோய் அடிக்கடி வரும் குழந்தைகளிடம் இந்தச் சாதுக்கள் குறைவாக இருப்பதை சுவீடன் மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது கெட்டவற்றோடு இவையும் அழிகின்றன என்பதுதான் பெரிய சங்கடம். அடுத்த சளிக்கு மூக்கின் பின்புறம் காவல் இல்லாமல் கிடக்கிறது.

கோத்தன்பர்க் நகரத்தில் கிறிஸ்டியன் ரூஸ் என்ற மருத்துவரின் குழு இதை வைத்தே ஒரு வழி கண்டது. காது நோய் அடிக்கடி வரும் 108 குழந்தைகளுக்கு முதலில் பத்து நாள் ஆன்டிபயாடிக். பிறகு பாதிப் பேரின் மூக்கில் உயிருள்ள ஆல்ஃபா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஸ்ப்ரே. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, நோய் திரும்பாமல், செவிப்பறையும் சீராக இருந்தவர்கள் அந்தப் பக்கம் 42 சதவீதம்; வெறும் ஸ்ப்ரே அடித்தவர்களில் 22 சதவீதம். 2001-ல் இது வெளிவந்தது. அடுத்த ஆண்டே சுவீடனின் இன்னொரு குழு, முன்னதாக ஆன்டிபயாடிக் கொடுக்காமல் ஸ்ப்ரே மட்டும் அடித்துப் பார்த்தது. பலன் இல்லை. ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் புதியவை நிலைக்கவில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன். 2015-ல் மிலானில் வேறொரு இனத்தை வைத்து நடந்த ஸ்ப்ரே ஆய்வில், காது நோயே வராமல் தப்பியவர்கள் 30 சதவீதம், மறுபக்கம் 15 சதவீதம். நூறு குழந்தைகளை மட்டுமே வைத்துச் செய்த ஆய்வு அது. தற்செயலாகவும் இந்த வித்தியாசம் வந்திருக்கலாம்.

ஓலுவில் கொடுத்த பொடியும் இதே சிந்தனையில் பிறந்ததுதான். அதில் இருந்த ‘கே12’ என்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவேரியஸ், நியூசிலாந்தின் டனீடனில் ஆரோக்கியமான ஒரு குழந்தையின் வாயிலிருந்து ஜான் டாக் என்ற ஆராய்ச்சியாளரால் எடுக்கப்பட்டது.

கடைகளில் கிடைக்கும் சாஷேக்களில் பல, வயிற்றுக்குப் போகும் லாக்டோபேசில்லஸ் வகை. குடலில் இருந்துகொண்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி, மூக்கையும் காதையும் காக்கும் என்பது நம்பிக்கை. சுற்றுவழிதான், ஆனால் அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள், அதிகமாகப் பின்லாந்தில்தான். ஹெல்சின்கி காப்பகங்களில் 571 குழந்தைகளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க லாக்டோபேசில்லஸ் ஜி.ஜி. கலந்த பால் கொடுத்தார்கள். சளி, காது, நெஞ்சுத் தொற்றுகள் கொஞ்சம் குறைந்தன. வயது வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்ததும் அந்தக் கொஞ்சமும் மங்கியது. துர்க்கு நகரத்தில் புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களிடம் நடந்த சிறிய ஆய்வில், முதல் ஏழு மாதத்தில் காது நோய் வந்தவர்கள் 32 பேரில் 7. நல்ல கிருமி கொடுக்காத 40 பேரில் 20. இது அழகான பலன். ஆனால் 2007-ல், காது நோய் அடிக்கடி வரும் 309 குழந்தைகளுக்கே 24 வாரம் கேப்ஸ்யூல் கொடுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. பிரான்சில் காது நோய் வரும் ஆபத்து அதிகமுள்ள 224 குழந்தைகளிடமும் அதே கதைதான்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2019-ல் இப்படிப்பட்ட 17 ஆய்வுகளைத் தொகுத்தது. மொத்தமாகப் பார்த்தால் காது நோய் கால்வாசி அளவுக்குக் குறைகிறது. ஆனால் குழந்தைகளை இரண்டாகப் பிரித்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது. காது நோய் எப்போதாவது வரும் குழந்தைகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அடிக்கடி வரும் குழந்தைகளுக்கு ஏறக்குறைய எதுவும் குறையவில்லை. யாருக்காகத் தாய் காசு கொடுத்துச் சாஷே வாங்குகிறாளோ, அந்தக் குழந்தைக்குத்தான் அது உதவவில்லை. மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையின் வீக்கம், பிறவியிலேயே அமைந்த குழாயின் வாகு, திரும்பத் திரும்ப எடுத்த ஆன்டிபயாடிக் எல்லாம் சேர்ந்த நிலையை ஒரு சிட்டிகைப் பொடி மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை.

ஆகவே வீட்டுச் செலவில் கைவைத்து மாதக்கணக்கில் சாஷே வாங்காதீர்கள். தயிர் நல்ல உணவு, கொடுங்கள். காது நோய்க்கு மருந்தாக அதை எண்ண வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கோ மருத்துவரைக் கேட்காமல் புரோபயாடிக் கொடுக்கவே கூடாது. அந்த உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு குறைமாதக் குழந்தை இப்படி இறந்த பிறகு 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

பலன் தெரிந்த வழிகள் வேறு இருக்கின்றன, பெரும்பாலும் செலவில்லாதவை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். புட்டிப்பால் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். படுத்தபடி புட்டியைச் சப்பும் குழந்தைக்குப் பால் யூஸ்டேஷியன் குழாய்க்குள் ஏறலாம். வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடாது. அப்பா வாசலில் நின்று பிடித்துவிட்டு வந்து தூக்கினாலும் புகை அவர் சட்டையோடு வந்துவிடும். காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே உள்ளே போகும்.

நியூமோகாக்கல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு தடுப்பூசித் திட்டத்தில் ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று இலவசமாகப் போடுகிறார்கள். இது காது நோயை ஒழித்துவிடும் என்று சொல்லமாட்டேன். பின்லாந்தில் நடந்த பெரிய ஆய்வில், தடுப்பூசி குறிவைத்த வகைகளால் வரும் காது நோய் 57 சதவீதம் குறைந்தது. எல்லாக் காது நோயையும் சேர்த்தால் 6 சதவீதம்தான், ஏனென்றால் காலியான இடத்தில் மற்ற வகைகள் புகுந்துகொண்டன. ஆனாலும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் வராமல் காக்கும் ஊசி அது. காதுக்குக் கிடைப்பது கூடுதல் நன்மை.

குழந்தை வளர வளரக் குழாயும் நீண்டு சரியும், நோய் தானாகக் குறையும். அதுவரை கவனிக்க வேண்டியது கேட்கும் திறனைத்தான். வலி போன பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கலாம். அதற்கு வலியும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, டிவியின் சத்தத்தைக் கூட்டச் சொல்லும் குழந்தை, இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் டிம்பனோமெட்ரி கேளுங்கள். ரப்பர் முனையைக் காதில் வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பார்கள். ஊசி கிடையாது, அம்மா மடியில் உட்கார்ந்தபடியே சில நொடிகளில் முடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேலும் நீர் வடியாமல் கேட்கும் திறன் குறைந்திருந்தால், கிராமெட் என்ற சின்னக் குழாயைச் செவிப்பறையில் வைப்பதா வேண்டாமா என்று மருத்துவரோடு அப்போது பேசலாம்.